முப்பிடாதியின் பவுடர் டப்பா

ஜூன் 12, திங்கள்

விடுதி திறந்தாயிற்று. பழைய பிள்ளைகள் பத்தொன்பது, புதிதாக ஏழு. தண்ணீர் மோட்டார் காலையிலேயே மக்கர் பண்ணியது. சமையல்கார லூர்துமேரி சாம்பாரில் உப்பு போடாமல் விட்டுவிட்டு, நான் ருசி பார்க்கும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மறந்ததா, சோதித்ததா என்று தெரியவில்லை.

புதுப் பிள்ளைகளில் ஒன்று முப்பிடாதி. சான்றிதழில் பதினான்கு வயது, ஒன்பதாம் வகுப்பு. ஆள் பத்து வயதுக்கு மேல் தெரியவில்லை. கபடி விடுதியில் வயதைக் குறைத்துச் சேர்க்கப் பார்ப்பார்கள், கூட்டி எதற்குச் சேர்க்க வேண்டும்? அப்பா அம்மா இல்லை. பீடி சுற்றும் சித்தி கோமதிதான் கொண்டுவந்து விட்டாள். பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னேன். பிள்ளைக்கு முன்னால் அவளே மடமடவென்று திறந்து, துணிகளை எடுத்து எடுத்துக் காட்டினாள். வார்டனாகும் முன் ஜவுளிக்கடை பின்வாசலில் வேலை முடிந்து போகும் பிள்ளைகளின் பையைப் பதினோரு வருஷம் சோதித்தவள் நான். கேட்காததையும் எடுத்துக் காட்டுகிறவர்களை எனக்குத் தெரியும்.

கோச் பால்துரை சாருக்கு மட்டும் சந்தோஷம். "புஷ்பம்மா, அந்தப் பொடிசு பாடிப் போறதப் பாத்தீங்களா? பிடிக்கவே முடியல, விலாங்கு மாதிரி நழுவுதா" என்றார்.

ஜூன் 15

மோட்டார் சரியானது. மூன்று வாளிகளைக் காணவில்லை.

ஜூன் 21, புதன்

சாயங்காலப் படிப்பு ஏழு மணியிலிருந்து எட்டரை வரை. முப்பிடாதி ஏழரைக்கு எழுந்து, "அம்மா, ஒரு நிமிஷம் ரூமுக்குப் போயிட்டு வாரேன்" என்கிறாள். ஏழு முப்பத்தைந்துக்குத் திரும்பிவிடுகிறாள். எட்டு நாளாகப் பார்க்கிறேன், ஒரு நாளும் தவறவில்லை. சிறுநீருக்கு இப்படி மணி பார்த்தா வரும்?

ஜூன் 28, புதன்

போன் வைத்திருக்கிறாள் என்றே நினைத்தேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபிறகு பெட்டி, தலையணை உறை, ஷூவின் உள்பக்கம் எல்லாம் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததும் நிம்மதியாக இல்லை.

ஜூலை 2, ஞாயிறு

பெற்றோர் பார்க்க வரும் நாள். கோமதி வந்தாள். எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து பேச, இவர்கள் இருவரும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனார்கள். நான் கைகழுவப் போவதுபோலப் போனேன். பேச்சை நிறுத்திவிட்டார்கள். கோமதி முந்தானைக்குள் கையை மறைத்தாள்.

"என்னம்மா, ரகசியம்?"

"ஒண்ணுமில்ல, தலைக்கு எண்ணெய் வைக்கமாட்டேங்கா, அதான் சத்தம் போட்டேன்."

சத்தம் போட்டதாகத் தெரியவில்லை. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 4, செவ்வாய்

பிடித்துவிட்டேன்.

ஏழு இருபதுக்கே போய் அவர்கள் அறையில் துணிக்கொடிக்குப் பின்னால் நின்றேன். வந்தாள். பெட்டியைத் திறந்தாள். பவுடர் டப்பாவை எடுத்து மூடியைத் திருகி, உள்ளே இருந்த சின்ன பிளாஸ்டிக் பொட்டலத்திலிருந்து எதையோ உள்ளங்கையில் தட்டினாள். மணிக்கட்டைப் பிடித்தேன். வெள்ளை மாத்திரை ஒன்று தரையில் உருண்டது.

"என்னட்டி இது?"

"சத்து மாத்திரைம்மா."

"சத்து மாத்திரைய பவுடர் டப்பாக்குள்ள எதுக்கு வச்சிருக்க?"

கையை உருவப் பார்த்தாள். விடவில்லை.

"யாரு குடுத்தா? கோச் சாரா?"

"சார் இல்லம்மா. சித்தி. உடம்புக்கு."

"உடம்புக்கு என்ன?"

கீழே கிடந்த மாத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். "இன்னைக்கு உள்ளத மட்டும் குடுத்துருங்கம்மா. போட்டுட்டு டப்பாவ உங்ககிட்டயே தந்துருதேன்."

இன்றைக்கு உள்ளதை மட்டும். ஒன்றுக்கு அடிமையான பிள்ளை இப்படித்தான் கேட்கும் என்று நினைத்தேன். டப்பாவை என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். சித்தி வந்து விளக்கம் சொல்லட்டும்.

ஜூலை 5, புதன்

யோசிக்க யோசிக்கச் சந்தேகம் பால்துரை சார் மேல்தான் போகிறது. இவ்வளவு சின்ன உடம்பில் அவ்வளவு வேகம் எங்கிருந்து வரும்? ஊக்க மருந்தைப் பற்றிப் பேப்பரில் போடுகிறார்களே. மாவட்ட அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன்: மாணவி ஒருவரிடம் சந்தேகத்துக்குரிய மாத்திரைகள் கைப்பற்றப்பட்டன, பயிற்சியாளரை விசாரிக்க வேண்டும். மாணவியின் பெயரையும் எழுதினேன். மத்தியானமே தபாலில் சேர்த்தேன்.

கோமதிக்குப் போன் செய்ய நேரம் கிடைக்கவில்லை.

ஜூலை 7, வெள்ளி

தினமும் ஏழரைக்கு என் வாசலில் வந்து நிற்கிறாள். கேட்பதில்லை. நிற்கிறாள், போய்விடுகிறாள்.

ஜூலை 9, ஞாயிறு

பிள்ளைகள் வீட்டுக்குப் பேசும் நாள். என் அறைப் போனில்தான் பேச வேண்டும், பக்கத்தில் நான் இருப்பேன். முப்பிடாதி பேசியது இவ்வளவுதான்: "சித்தி, பவுடர் டப்பா வார்டனம்மாகிட்ட இருக்கு. ஆறு நாளாச்சு." வைத்துவிட்டாள்.

பவுடருக்கு யாராவது நாள் கணக்குச் சொல்வார்களா?

ஜூலை 10, திங்கள்

ஒரு மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு பஜாரில் சங்கரபாண்டியின் மருந்துக்கடைக்குப் போனேன். அவன் இதற்கு முன் பெரியாஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் இடத்தில் ஒப்பந்த வேலையில் இருந்தவன். மாத்திரையைத் திருப்பி, அதில் பொறித்திருந்த எழுத்தைப் பார்த்தான். கடையில் நின்ற ஒரு ஆளை அனுப்பிவிட்டு, குரலை இறக்கினான்.

"இது கடையில விக்கிறது இல்லம்மா. ஆஸ்பத்திரியில சும்மாவே குடுப்பாங்க. எச்.ஐ.வி.க்கு உள்ளது." மாத்திரையை மறுபடி காகிதத்தில் மடித்துக்கொண்டே, "உங்களுக்காம்மா?" என்றான்.

"எனக்கு இல்ல."

"சரிம்மா. இல்லன்னா இல்லதான்."

அவன் சொன்ன விதம் பிடிக்கவில்லை.

திரும்பும் வழியில் டெட்டால் வாங்கினேன். மழைக்காலம் வருகிறது, விடுதியில் இருப்பது நல்லது. முப்பிடாதியின் தட்டையும் டம்ளரையும் தனியாக வைக்கும்படி லூர்துமேரியிடம் சொன்னேன். பிள்ளைக்குச் சளி மாதிரி இருக்கிறது.

சாயங்காலம் எனக்கு நல்ல தலைவலி. சீக்கிரமே படுத்துவிட்டேன்.

ஜூலை 11, செவ்வாய்

காலை ஒன்பதுக்கே கோமதி வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றாமல் நேராக என் அறைக்குள் வந்தாள்.

"டப்பாவ எடுங்க."

"உக்காரு. அது என்ன மாத்திரைன்னு எனக்குத் தெரியும்."

அவள் முகம் செத்துப்போனது. கதவைச் சாத்திவிட்டு, உட்காராமலே பேசினாள்.

"எங்க அக்கா மாப்பிள்ளைக்கு இருந்துச்சு. எங்க அக்காவுக்கு வந்துச்சு. கர்ப்பமா இருக்கையில அவ ஆஸ்பத்திரிப் பக்கமே போகல, வீட்லதான் பெத்தா. போயிருந்தா அப்பவே மருந்து குடுத்து பிள்ளைக்கு வராமப் பண்ணிருப்பாங்களாம். இதெல்லாம் எனக்குப் பெறவு சொன்னது. ரெண்டு பேரும் போயிட்டாங்க. இது என் கையில வரும்போது அஞ்சு வயசு, ஒன்பது கிலோ. காதுல எப்பவும் சீழ் வடியும். மாசத்துக்கு ஒருதரம் நெஞ்சுச்சளி. பிழைக்காதுன்னாக. மருந்து ஆரம்பிச்ச பெறவுதான் நடந்துச்சு, ஓடுச்சு. முதல்ல கசப்பு மருந்து, காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு. துப்பித் துப்பிக் குடிக்கும். இப்ப ஒரே மாத்திரை. ஒன்பது வருஷம். இந்த ஒன்பது வருஷத்துல ஒரு நாள் விட்டதில்ல. நீங்க ஏழு நாள் விட வச்சிட்டீங்க."

"சேக்கும்போதே சொல்லிருக்கலாம்லா?"

"பழைய பள்ளிக்கூடத்துல சொன்னேன். ஒரு டீச்சர்கிட்ட மட்டும். மறுவாரம் தனி பெஞ்சு போட்டாக."

பிள்ளைக்குத் தெரியுமா என்று கேட்டேன். பன்னிரண்டு வயதில் ஆஸ்பத்திரியிலேயே உட்காரவைத்துச் சொன்னார்களாம். "அழல. இது என்னால வந்ததான்னு மட்டும் கேட்டா" என்றாள்.

பீரோவைத் திறந்து டப்பாவைக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்துக்கு ஆள் அனுப்பி முப்பிடாதியைக் கூட்டிவரச் செய்தேன். வந்தவள் என்னைப் பார்க்கவில்லை. மாத்திரையைத் தண்ணீர் இல்லாமலே விழுங்கினாள்.

ஜூலை 12, புதன்

அவர்களோடு நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கோமதி வேண்டாம் என்றாள். போனேன்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மருந்த ஒழுங்காப் போட்டா ரத்தத்துல கிருமி கண்ணுல படாத அளவுக்குக் குறைஞ்சிரும். இவளுக்கு நாலு வருஷமா அப்படித்தான் இருந்துச்சு. மருந்து நின்னா கிருமி மறுபடி பெருகும். விட்டு விட்டுப் போட்டா, அந்த மருந்துக்கே மசியாமப் போயிரலாம். அப்ப வேற மருந்து தேடணும். பிள்ளைங்களுக்கு அப்படி நிறைய மருந்து கிடையாது."

"இப்ப என்ன செய்யணும் டாக்டர்?"

"இன்னையில இருந்து ஒரு நாள் விடாமப் போடட்டும். மூணு மாசத்துல ரத்தம் எடுத்துப் பார்ப்போம். அதுவரைக்கும் தெரியாது."

வளர்த்தி ஏன் இப்படி என்று கேட்டேன். மருந்து ஆரம்பிக்கும் முன்னால் வீணாய்ப் போன வருஷங்கள்தான் காரணம் என்றார். விட்ட வளர்ச்சியில் பாதியை எட்டிப் பிடித்துவிட்டாள், மீதியையும் பிடிப்பாள், பெரியவளாவதும் கொஞ்சம் தள்ளிப் போகும், பயப்படாதீர்கள் என்றார். தட்டு, டம்ளர், ஒரே குழாய் இவற்றால் பரவாது. விளையாட்டில் யாருக்கு ரத்தம் வந்தாலும் வெளியே கூட்டிவந்து கட்டுப்போட்டுத்தான் அனுப்ப வேண்டும், அது எல்லாருக்கும் உள்ள விதி என்றார். நான் கேட்காமலே தட்டு டம்ளரைப் பற்றி ஏன் சொன்னார் என்று யோசித்தேன்.

கடைசியாகக் கேட்டார். "என்ன மாத்திரைன்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சது?"

"திங்கக்கிழமை."

"தெரிஞ்ச உடனே குடுத்துட்டீங்களா?"

"ஆமா" என்றேன்.

முப்பிடாதி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 13

மாத்திரை என் பீரோவில் இருக்கும், ஏழரைக்கு என் அறைக்கு வந்து போட்டுக்கொள்ளலாம், யாருக்கும் தெரியாது என்று ஏற்பாடு. லூர்துமேரியிடம் தட்டைச் சேர்த்தே வைக்கச் சொன்னேன். "சளி போயிருச்சோ?" என்றாள்.

ஜூலை 18, செவ்வாய்

என் கடிதத்துக்கு ஆள் வந்தார்கள். மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி, கூடவே ஒரு கிளார்க். பால்துரை சாரையும் உட்காரவைத்தார்கள். என் கடிதத்தை அவர் முன்னாலேயே வாசித்தார்கள். அவர் காது சிவந்துபோனது.

"மாத்திரைய எடுங்க. அந்தப் பிள்ளையையும் கூப்பிடுங்க, மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பணும்" என்றார் அதிகாரி.

அனுப்பினால் எல்லாம் வெளியே வரும். அவள் பெயரை எழுதிக் கொடுத்ததே நான்தான்.

"சார், அது என்னோட மாத்திரை" என்றேன்.

"என்னது?"

"என் மாத்திரை. சாமான் ஒதுங்கவைக்கும்போது என் டப்பா அந்தப் பிள்ளை பெட்டிக்குள்ள போயிருக்கு. பாத்த அவசரத்துல தப்பா எழுதிட்டேன்."

"உங்க மாத்திரை உங்களுக்கே அடையாளம் தெரியலையா?" கிளார்க் சிரித்தான்.

"தெரியல சார்."

"என்னத்துக்குப் போடுறீங்க?"

"பிரஷருக்கு. எல்லாம் போட்டு முடிச்சாச்சு."

அதிகாரி என்னை வெகுநேரம் பார்த்தார். நம்பவில்லை. எத்தனை பேரை நான் அப்படிப் பார்த்திருப்பேன். இந்தப் பக்கம் இருந்து பார்த்ததில்லை. மெமோ கொடுத்தார்கள்: ஆதாரமற்ற புகார். பால்துரை சார் போகும்போது வாசலில் நின்று, "ஏழு வருஷமா பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்கேன்" என்றார். அவ்வளவுதான். அதன்பிறகு என்னோடு பேசவில்லை.

ஜூலை 27, வியாழன்

இன்று காலை என் டம்ளர் அலமாரியில் மற்ற டம்ளர்களோடு இல்லை. ஜன்னல் விளிம்பில் கவிழ்த்து வைத்திருந்தது. நேற்றும் அப்படித்தான். லூர்துமேரியின் தம்பி வேலை செய்வது சங்கரபாண்டியின் கடைக்கு அடுத்த கடை.

ஒன்றும் கேட்கவில்லை. என்ன கேட்க? எனக்கு இல்லை என்றால், அப்புறம் யாருக்கு என்றுதான் அடுத்து யோசிப்பாள்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

பெற்றோர் நாள். இரண்டு அம்மாக்கள் நான் கொடுத்த தேநீரைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனார்கள்.

ஆகஸ்ட் 19, சனி

முப்பிடாதி ஏழரைக்கு வருகிறாள். டப்பாவை வாங்கி, மாத்திரைகளைக் கட்டிலில் கொட்டி எண்ணுகிறாள். சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒன்றைப் போட்டுக்கொள்கிறாள். ஒவ்வொரு நாளும். நான் பீரோ பக்கத்தில் நிற்கிறேன். என்னை நம்பவில்லை. இன்று எண்ணிக்கை சரியாக இருந்தும் இரண்டாம் தடவை எண்ணினாள்.

பதினெட்டு நாளாகத் தூறல்கூட இல்லை. கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது.

செப்டம்பர் 8, வெள்ளி

மாவட்ட அணித் தேர்வு. முப்பிடாதி ஒரே பாட்டில் மூன்று பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பி, கோட்டில் விழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டாள். ரத்தம். ஆட்டம் நின்றது. பால்துரை சார் பெட்டியை எடுத்துவருமுன் நான் ஓடிப்போனேன். கையுறை மாட்டி, கழுவி, கட்டுப்போட்டேன். அவள் கையை அசைக்காமல் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"பயமா இருக்காம்மா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இல்ல."

"உங்க கை ஆடுதே."

அணியில் எடுத்துவிட்டார்கள்.

அக்டோபர் 11, புதன்

ரத்தம் எடுக்கும் நாள். கோமதிக்குக் காய்ச்சல், வரமுடியவில்லை. "நான் வரட்டுமா?" என்றேன். முப்பிடாதி தோளைக் குலுக்கினாள். பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தாள். இறங்கும்போது திரும்பாமலே கேட்டாள்.

"டம்ளர தனியா வைக்காங்கள்லா, உங்களுக்கு? உங்க மாத்திரைன்னு எதுக்குச் சொன்னீங்க?"

"வேற ஒண்ணும் தோணல."

"நான் ஒண்ணும் சொல்லச் சொல்லல."

"தெரியும்."

கொஞ்ச தூரம் நடந்தபிறகு, "தெரிஞ்ச உடனே குடுத்துட்டேன்னு டாக்டர்கிட்ட சொன்னீங்க" என்றாள். "அந்தத் திங்கக்கிழமை ராத்திரி நான் வாசல்ல நின்னேன். உங்க ரூம்ல லைட் எரிஞ்சுது. நான் வந்த சத்தம் கேட்டுத்தான் அணைச்சீங்க."

எழுதிவிடுகிறேன். தலைவலி இல்லை. டப்பா என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அது என்ன மாத்திரை என்று தெரிந்தபிறகு, கதவைத் திறந்து அவள் கையில் கொடுக்க எனக்குப் பயமாக இருந்தது. பிள்ளையைத் தொடப் பயந்தேன். அவள் கால்மணி நேரம் நின்றாள்.

நவம்பர் 3, வெள்ளி

இன்று முடிவு சொல்லும் நாள். கோமதி, முப்பிடாதி, நான்.

டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். எதையோ அழுத்தினார், மறுபடி பார்த்தார். வேண்டுமென்றே தாமதிக்கிறார் என்று தோன்றியது.

"கிருமி தென்படல" என்றார். "நல்லா இருக்கா. அதே மாத்திரைய விடாமப் போடட்டும். எடையும் ரெண்டு கிலோ கூடிருக்கு."

கோமதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். முப்பிடாதி, "உயரம்?" என்று கேட்டாள். டாக்டர் சிரித்துக்கொண்டே அவளைச் சுவரோரம் நிறுத்தி அளந்தார். ஒன்றரை சென்டிமீட்டர்.

நான் எழுந்து நின்று, "டாக்டர், அன்னைக்கு நான் பொய் சொன்னேன்" என்றேன். தெரிந்த அன்றே கொடுக்கவில்லை, அடுத்த நாள் சித்தி வந்து கேட்டபிறகுதான் கொடுத்தேன் என்று சொன்னேன். கோமதி அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். டாக்டர் பேனாவை வைத்தார். "இப்ப எதுக்குச் சொல்றீங்க?" என்று கேட்டார்.

முப்பிடாதிதான் பேசினாள். என்னிடம் இல்லை, டாக்டரிடம்.

"மேடம், இனிமே என் மாத்திரைய நானே வச்சுக்கிடுதேன். எனக்கு மணி தெரியும்."

"பதினாலு வயசாச்சு, வச்சுக்கிடலாம். வார்டனம்மா என்ன சொல்றாங்க?"

யாராவது பெட்டியைத் திறந்துவிடுவார்களே, தொலைத்துவிடுவாளே, கோபத்தில் ஒரு நாள் போடாமல் இருந்துவிட்டால், தோழிகளோடு பேச்சு மும்முரத்தில் மறந்துவிட்டால். அத்தனையும் ஒரு நொடியில் வந்து போனது.

"வச்சுக்கட்டும்" என்றேன்.

திரும்பி வந்ததும் பீரோவைத் திறந்து டப்பாவைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். எண்ணவில்லை, நேராகத் தன் அறைக்குப் போனாள்.

சாயங்காலம் படிப்பு. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஏழரைக்கு முப்பிடாதி எழுந்தாள். "ஒரு நிமிஷம்மா" என்றாள். தலையாட்டினேன். அவள் செருப்புச் சத்தம் வராந்தாவில் போனது, அறைக் கதவு திறந்த சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. வழக்கத்தைவிட அதிக நேரம் ஆனதுபோல் இருந்தது.

நான் போய்ப் பார்க்கவில்லை.